இடப்பக்கக் குருவி

வாசல் கேட்டைத் தாண்டி இடப்பக்கம் ஒடித்தபோது கார் ஒரு தடவை, "க்கீச்" என்றது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கதவிடுக்கில் வால் மாட்டிக்கொண்ட எலி போலவும் இருந்தது, கூட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் குருவிக்குஞ்சு போலவும் இருந்தது. குண்டூசி பிரேக்கை மிதித்தாள். ஸ்டீயரிங்கை நேராக்கினாள். சத்தமில்லை. மறுபடி இடப்பக்கம் திருப்பினாள்.

"க்கீச்."

பின்சீட்டில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுச் சாய்ந்திருந்த மாமியார், கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "யாருடி அது?"

"வண்டி அத்தை."

"வண்டிக்கும் வாய் வந்துடுச்சா? இந்த வீட்டுல இருக்கற வாய் போதாதுன்னு?"

குண்டூசி என்பது மாமியார் வைத்த பெயர்தான். கல்யாண போட்டோ பிரிண்ட் போட்டு வந்த அன்று அதைக் கையில் வாங்கிப் பார்த்தவள், "அலமாரி பக்கத்துல குண்டூசி குத்தி வச்ச மாதிரி இருக்கு" என்றாள். அலமாரி என்ற பெயர் மகனுக்கு ஒட்டவில்லை. அவன் முன்பு போலவே நெட்டையனாக இருந்தான். குண்டூசி மட்டும் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. மருமகளுக்கும் அதில் வருத்தம் இல்லை. மாமியார் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை என்றால், அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

நெட்டையனுக்கு மருந்துக் கிடங்கில் வேலை. ஏணி இல்லாமல் மேல்தட்டுப் பெட்டியை எடுக்கக்கூடிய ஒரே ஆள் என்பதால் அங்கே அவனுக்கு ஏக கிராக்கி. கிடங்கின் வேன் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதனால் அவன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய கார் பகலெல்லாம் சும்மா நின்றது. குண்டூசிக்கு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தபோதுதான் அதற்கும் வேலை வந்தது. கூடம் ஊருக்கு வெளியே, கல்லுடைக்கும் குவாரிப் பாதையைத் தாண்டி இருந்தது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கார் இருந்தால் வேலை உண்டு, கார் இல்லையென்றால் வேலை இல்லை. அவ்வளவு எளிய கணக்கு.

வேலையும் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஈரத்தாளில் விதைகளை வரிசையாக வைத்துவிட்டு, எது முளைத்தது என்று பார்க்க வேண்டும். முளைத்தது, முளைக்காதது, முளைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பது என்று அவள் மூன்றாகப் பிரிப்பாள். மூன்றாவது வகைதான் அவளுக்குச் செல்லம். ஒரு தட்டு முளைக்கவில்லை என்றால் உடனே விதையைத் திட்டக்கூடாது என்பது அங்கே பாடம். தண்ணீரை மாற்றிப் பார், தாளை மாற்றிப் பார், சூட்டை மாற்றிப் பார். ஆனால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

கீச் சத்தம் கேட்ட அன்று அவளுக்குப் பயம் வரவில்லை. மூன்றாவது வகை விதையைப் பார்க்கிற ஆசைதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, எல்லாவற்றையும் கணவன் வைத்திருந்தபடியே வைத்துவிட்டு இறங்கினாள். இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்பது போல, தினமும் அதைச் செய்வாள். அவள் அப்படிச் செய்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயம் என்று அவளும் நினைக்கவில்லை.

மாலையில் நெட்டையன் காரை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"ஒன்னும் இல்லையே?"

"இடப்பக்கம் திருப்பினீங்களா?"

"இடப்பக்கம், வலப்பக்கம், எல்லாப் பக்கமும் திருப்பினேன். பூனை மாதிரிப் போகுது."

"எனக்கும் கேட்டுச்சுடா" என்றாள் மாமியார். "கண்ணுலதான் கோளாறு எனக்கு. காதுல இல்ல."

மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. கார் ஷெட் நடத்துகிற மெக்கானிக்குக்கு அவருடைய தொப்பைதான் விலாசம். வழி கேட்கிறவர்களிடம், "ஆளுக்கு முன்னாடி தொப்பை வரும், அவர்தான்" என்று சொல்வார்கள். மனிதர் கையில் ஸ்பானரை எடுக்கும் முன் வாயைத்தான் கவனிப்பார். தம் வாயை அல்ல, வந்தவர்கள் வாயை.

"சத்தம்னு சொல்லாதீங்க. எப்படிச் சத்தம்னு போட்டுக் காட்டுங்க" என்றார்.

நெட்டையன் தொண்டையைச் செருமினான். ஷெட்டில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். "அது... நான் கேட்கல. ஒரு மாதிரிச் சத்தம்னு இவங்க சொல்றாங்க."

"எந்த மாதிரி, தம்பி? இருமலா, தும்மலா?"

குண்டூசி வாயைத் திறந்து மெல்ல, "கீச்" என்றாள். அது அவளுடைய துப்பட்டாவைத் தாண்டி வெளியே வரவில்லை.

"தள்ளுடி" என்று மாமியார் கைப்பையை மருமகளிடம் கொடுத்தாள். மூச்சை இழுத்தாள். "க்க்கீஈஈச்ச்!"

லாரி டயருக்குள் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டது.

மெக்கானிக் தலையைச் சாய்த்து யோசித்தார். "திரும்பும்போது டக்டக்டக்னு சொன்னா சக்கரத்துப் பக்கத்து மூட்டு தேஞ்சிருக்கும். ம்ம்ம்முனு முனகினா ஸ்டீயரிங் எண்ணெய் குறைஞ்சிருக்கும். நின்ன இடத்துல திருப்பும்போதே கொடக்னு குதிச்சா மேல இருக்கற பேரிங் போயிடுச்சுன்னு அர்த்தம். கீச்சு? கீச்சு என் கணக்குலயே வரலையேம்மா."

"அப்ப உன் கணக்குல ஒன்னு சேர்த்துக்கோ" என்றாள் மாமியார்.

மெக்கானிக்கே ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் நெட்டையன். பின்னால் சாட்சிகளாக மாமியாரும் மருமகளும். ஷெட்டைச் சுற்றி இடமாகவும் வலமாகவும், மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டினார். கார் வாயே திறக்கவில்லை. குண்டூசியை ஓட்டச் சொல்லிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் ஓட்டட்டுமா என்று கேட்க அவளுக்கும் நாக்கு எழவில்லை.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க. பின்னாடி உட்கார்ந்து நீங்கதானே கத்தினீங்க?" என்றார் மெக்கானிக்.

இருந்தாலும் மூட்டுகளுக்கு கிரீஸ் வைத்தார். எண்ணெய் பார்த்தார். சக்கரத்தைக் கழற்றி அசைத்துப் பார்த்து மாட்டினார். "அடுத்த தடவை சத்தம் வரும்போது அப்படியே பிடிச்சுட்டு வாங்க."

"என்ன, திருடனா?" என்றாள் மாமியார்.

அதற்குப் பிறகும் குண்டூசி ஓட்டும்போதெல்லாம் அது கத்தியது. இடப்பக்கம் மட்டும். மாமியார் அதற்கு 'குருவி' என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்துவிட்டாளே, பிடித்துப்போய்விட்டதோ என்னவோ!

வெள்ளிக்கிழமை மாலை நெட்டையன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தான். பேக்கரித் திருப்பத்தில் குருவி கத்தியது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நிறுத்து. இறங்கு. நான் பார்க்கறேன்."

அவள் ஓரமாக நிறுத்தினாள். அவன் இறங்கிச் சுற்றி வருவதற்குள் வழக்கம்போல் எல்லாவற்றையும் பழையபடி வைத்தாள். இறங்கினாள். அவன் ஏறி, அதே திருப்பத்தில் திரும்பத் திரும்பப் போய்வந்தான். பேக்கரிக்காரர் கடைக்கு வெளியே வந்து இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தார். கார் ஊமையாக இருந்தது.

அன்று இரவு அவன் சாப்பிட்டு முடித்தான். கைகழுவிவிட்டு வந்து சொன்னான். "வண்டியைக் கொடுத்துடலாம். கூட வேலை பார்க்கறவரோட மச்சான் ரொம்ப நாளா கேட்கறார். ஞாயித்துக்கிழமை காலைல மெக்கானிக் கடைசியா ஒருதரம் பார்க்கட்டும். கண்டுபிடிக்கலைன்னா சாயங்காலம் அந்த மச்சான் வந்து எடுத்துக்கட்டும். அவரும் ஒரு மெக்கானிக்தான், பிரிச்சுப் போட்டுப் பார்த்துக்குவார்."

"என் வேலை?"

"ஓடற வண்டியில ஸ்டீயரிங் கையோட வந்துட்டா? திரும்பற இடத்துல திரும்பலைன்னா? எனக்கு ஓட்டும்போது வரல, உனக்கு வருதுன்னா உன்னைத்தானே அது கைவிடப்போகுது?" அவன் குரல் தழுதழுத்தது. "வேலை வேற கிடைக்கும்டி. நீ வேற கிடைப்பியா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். இப்படிச் சொன்னவனிடம் என்ன சண்டை போடுவது? அவள் பாத்திரங்களைக் கொஞ்சம் ஓசையாகக் கழுவினாள். முளைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு தட்டை அன்று காலைதான் ஜன்னலோரமாக நகர்த்தி வைத்திருந்தாள். திங்கட்கிழமை அதை யார் பார்ப்பார்கள்?

மறுநாள் சனிக்கிழமை, கூடத்துக்கு விடுமுறை. நெட்டையன் வேலைக்குப் போனதும் அவள் மாமியாரைக் கூப்பிட்டாள். "அத்தை, குருவியைப் பிடிக்கலாம் வாங்க."

"கண்ணாடியை எடுத்துட்டு வரேன், இரு."

வீட்டு முற்றத்திலேயே காரை நிறுத்தி, குண்டூசி ஏறி உட்கார்ந்தாள். ஒரு சமயத்தில் ஒன்று. முதலில் வளையலைக் கழற்றினாள். கீச். செருப்பைக் கழற்றினாள். கீச். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மிதியடியைத் தூக்கி வெளியே போட்டாள். கீச், கீச், கீச். பிறகு என்ஜினையே நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் திருப்பி வைத்து, பலம் கொண்ட மட்டும் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் இழுத்தாள்.

"க்கீச்."

அவளுக்குப் புல்லரித்தது. என்ஜின் ஓடாமலே கத்துகிறது! அப்படியென்றால் எண்ணெயும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கார் நகரவே இல்லை, அதனால் ரோடும் இல்லை. பாதி உலகத்தைக் கழித்துவிட்ட மாதிரி இருந்தது.

மாமியார் திறந்த கதவு வழியே தலையை உள்ளே விட்டு, ஏறக்குறைய மருமகளின் காலடியில் காதை வைத்தாள். "திருப்பு. இன்னும் திருப்பு. அடியேய், இங்கதான்! நீ மிதிக்கற கட்டை இருக்கு பாரு, அதுக்குக் கொஞ்சம் மேல. உள்ளேதான் இருக்கு, வெளியே இல்ல!"

"நிஜமாவா?"

"என் காதுல வந்து கொத்துதுடி."

"நீங்க உட்கார்ந்து திருப்புங்க, நான் கேட்கறேன்."

குண்டூசி குனிந்து நிமிர்ந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டு இறங்கினாள். மாமியார், பிறந்ததிலிருந்து உட்காராத இடத்தில் ராணி மாதிரி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். குண்டூசி தரையோடு தரையாகக் காதை வைத்துக் காத்திருந்தாள்.

ஒன்றும் இல்லை.

"பார்த்தியா" என்றாள் மாமியார். "மாமியார்னதும் வாயை மூடிக்கிச்சு."

அன்று முழுக்க குண்டூசிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கை பட்டால் மட்டும் கத்துகிறது. அவள் கையில் என்ன இருக்கிறது? தன் உள்ளங்கையைப் பலமுறை பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு யார் ஓட்டுவது என்று சின்னச் சண்டை. "குருவியைப் பிடிச்சுட்டு வரச் சொல்லியிருக்கார். அது உன்கிட்ட மாட்டாது, இவகிட்டதான் மாட்டும்" என்று மாமியார் மகனைப் பின்சீட்டில் ஏற்றினாள். அவன் முட்டியை மடக்கிக்கொண்டு, கதவுக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு வந்தான்.

ஷெட் வாசலில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மெக்கானிக் வெளியிலேயே நின்றிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. குண்டூசி மெதுவாகத் திருப்பினாள்.

"க்கீச்."

"அடடே!" மெக்கானிக் கைதட்டினார். "இதுதானா அது! அம்மா, நீங்க போட்ட சத்தம் அப்படியே அச்சு. இறங்கு தங்கச்சி, இறங்கு."

அவள் இறங்கினாள். அவர் தொப்பையை உள்ளே இழுத்து, தம்மையும் உள்ளே ஏற்றி, ஸ்டீயரிங்கைத் திருப்பினார். அமைதி. இறங்கினார். "நீ உட்காரு." அவள் உட்கார்ந்து, குனிந்து சரிசெய்துகொண்டு திருப்பினாள். கீச். "இறங்கு." அவர் உட்கார்ந்தார். அமைதி. இப்படி இவரும் அவளுமாக ஏறி இறங்கிக் கதவு களைத்துப்போயிற்று. கடைசியில் அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல. தங்கச்சிக்கும் வண்டிக்கும் ஏதோ சொந்தம் இருக்கு."

"போதும்ணே" என்றான் நெட்டையன். போனை எடுத்தான். "சாயங்காலம் வரவேண்டாம், இப்பவே வந்து எடுத்துக்கச் சொல்றேன்."

குண்டூசி காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. கார் போவதைவிட, குருவி எதுவென்று தெரியாமலே போகப்போகிறதே என்பதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

மாமியாரோ இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. மருமகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா, நேத்துலேருந்து கேட்கணும்னு நினைச்சேன். ஏறும்போதும் குனியற, இறங்கும்போதும் குனியற. அங்க என்னத்தடி தொலைச்ச? அப்படி என்ன தேடற?"

"தேடல அத்தை. சீட்டை முன்னால இழுத்துட்டு, ஸ்டீயரிங்கைக் கீழ இறக்கிக்குவேன். இறங்கறப்ப மறுபடி மேல ஏத்தி..."

சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை வாயிலேயே நின்றது. தான் சொன்னதை வேறு யாரோ சொன்னது போல அவளே கேட்டாள்.

நெட்டையன் போனைக் காதிலிருந்து எடுத்தான். "ஸ்டீயரிங் கீழ இறங்குமா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எதுக்கு அது? வாங்கினப்பவே சரியாத்தானே இருந்துச்சு!"

மெக்கானிக் டயரிலிருந்து எழுந்த வேகத்தில் டயர் உருண்டு போயிற்று. அதற்குள் குண்டூசி சீட்டில் இருந்தாள். அடியில் இருந்த சின்னக் குச்சியைத் தட்டி ஸ்டீயரிங்கை மேலே தூக்கினாள். இடப்பக்கம் திருப்பினாள். அமைதி. கீழே இறக்கினாள். "க்கீச்." பாதியில் நிறுத்தினாள். "க்கி" என்று அரைக் குருவி மட்டும் எட்டிப் பார்த்தது.

"அரைக் குருவி!" என்று மாமியார் கூவினாள்.

மெக்கானிக் டார்ச்சோடு தலைகீழாக உள்ளே நுழைந்தார். வெளியே இரண்டு காலும் கொஞ்சம் தொப்பையும் தெரிந்தன. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஸ்டீயரிங் தண்டு தரையைத் துளைச்சுட்டு கீழ போகுதில்ல? அந்த ஓட்டைக்குத் தூசி வராம ஒரு ரப்பர் மூடி. மேல தூக்கியிருந்தா தண்டு நடுவால போகுது. இறக்கினா சாயுது. சாய்ஞ்சா ரப்பர் உதட்டுல உரசுது. இடது ஓரம் மட்டும் மடங்கியிருக்கு, அதான் இடப்பக்கம். மழை விட்டு வெயில் அடிச்சதும் காஞ்சு மொறமொறன்னு ஆயிடுச்சு."

"ஆபத்தாண்ணே?" நெட்டையன் குனிந்து அவர் கால்களிடம் கேட்டான்.

"செருப்பு கீச்சுனு சொன்னா கால் கழண்டு விழுமா தம்பி?"

ஒரு விரல் கிரீஸ் கேட்டார். குண்டூசியே டப்பாவிலிருந்து எடுத்து நீட்டினாள். மடங்கியிருந்த ரப்பரை விரித்துவிட்டு உதட்டுச்சாயம் மாதிரி தடவிவிட்டு வெளியே வந்தார். கீழே இறக்கி வைத்தபடியே அவள் திருப்பினாள். இடம், வலம், மறுபடி இடம். சத்தம் இல்லை.

"தினமுமா ஏத்தி வச்ச?" என்றான் நெட்டையன்.

"ஆமா. உங்களுக்கு முட்டி இடிக்குமேன்னு."

அவன் கார் கூரையை உள்ளங்கையால் துடைத்தான். மெக்கானிக்தான் சிரித்தார். "திருடன்கூட இவ்வளவு சுத்தமாத் தடயத்தை அழிக்க மாட்டான், தங்கச்சி."

நெட்டையன் கொஞ்சம் தள்ளிப் போய் போனில் பேசினான். "இல்லைங்க, கொடுக்கறதா இல்ல... இல்ல இல்ல, வேற யாரும் கேட்கல. வீட்டுல வேலைக்கு எடுத்துட்டுப் போறாங்க." அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

மாலையில் வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்துகிறேன் என்று காரை அவன்தான் எடுத்தான். ஏறின கையோடு, "அய்யோ, முட்டி!" என்று ஒரு சத்தம் கேட்டது.

"அது எந்தச் சத்தம்? உன் கணக்குல இருக்கா?" என்று மாமியார் அங்கே இல்லாத மெக்கானிக்கைக் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை குண்டூசி காரில் ஏறினாள். சீட்டை இழுக்க அடியில் கைவிட்டாள். சீட் ஏற்கெனவே முன்னால் இருந்தது. ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். அது கீழே இறங்கியிருந்தது. கொஞ்சநஞ்சமாக அல்ல, இறங்குகிற அளவுக்கு முழுசாக. அவள் தொடைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. அவ்வளவு குள்ளமென்றா நினைத்திருக்கிறான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேன் வந்து அவன் போய்விட்டிருந்தான், இல்லாவிட்டால் கேட்டிருப்பாள். குச்சியைத் தட்டி ஒரு விரலளவு மேலே தூக்கிக்கொண்டாள்.

வாசல் கேட்டைத் தாண்டி இடப்பக்கம் திருப்பினாள். சத்தம் இல்லை. காரை நிறுத்தி, நேராக்கி, மறுபடி திருப்பினாள்.

ஜன்னலிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். "என்னடி, பறந்துடுச்சா?"

"பறந்துடுச்சு அத்தை!"

எதற்கும் இருக்கட்டும் என்று வலப்பக்கமும் ஒருமுறை திருப்பிக் கேட்டுவிட்டு, அவள் கல்லுடைக்கும் பாதையை நோக்கிப் போனாள். ஜன்னலோரத் தட்டில் எது முளைத்திருக்கிறதென்று பார்க்க வேண்டும்.